சவுக்குக் கம்பு தரைமட்டத்தில் மக்காமல் இருக்க

மரக்காணம், கூனிமேடு போன்ற கரையோர ஊர்களின் மணற்பாங்கான நிலங்களில் சவுக்கு நன்கு வளர்கிறது. வேலிக்கால், காய்கறிப் பந்தல், கீற்றுக் கொட்டகை, மோட்டார் கொட்டகை என்று எதற்கும் இந்தக் கம்பையே விவசாயிகள் பயன்படுத்துகின்றனர். சவுக்கு வலுவான மரம்தான். ஆனால் மண்ணில் ஊன்றிய கம்பு இரண்டு மூன்று மழைக்காலங்களிலேயே தரைமட்டத்தில் இற்று, காற்றடிக்கும்போது ஒடிந்து விழுகிறது. நூறு கம்புகள் உள்ள வேலியை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால், ஒன்பது ஆண்டுகளில் முந்நூறு கம்புகள் செலவாகும். குழி தோண்டும் கூலியும் கட்டுக்கம்பிச் செலவும் தனி. ஊன்றும் முன்பே கம்புக்கு மருந்து ஏற்றினால் இந்தச் செலவில் பெரும்பகுதியை மிச்சப்படுத்தலாம்.

மக்குவது ஏன்?

மரத்தை மக்கச் செய்வது பூசணம். அது வளர மரச்சத்து, ஈரம், காற்று, மிதமான வெப்பம் ஆகிய நான்கும் வேண்டும். மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபது பங்குக்குக் குறைவாக இருந்தால் பூசணம் வளராது. முழுக்க நீரில் மூழ்கிய மரத்திலும் காற்று இல்லாததால் இந்தச் சேதம் மிகக் குறைவு. ஒடிந்த கம்பைப் பிடுங்கிப் பாருங்கள். மேல்பகுதி கெட்டியாக இருக்கும். ஆழத்தில் இருந்த அடிப்பகுதியும் ஓரளவு நன்றாகவே இருக்கும். தரைமட்டத்தை ஒட்டிய ஒரு சாண் மட்டும் பஞ்சு போலாகியிருக்கும். ஈரமும் காற்றும் ஒருங்கே கிடைக்கும் இடம் அதுவே.

தேக்கு, வேம்பு போன்ற மரங்களின் வைரப்பகுதியில் பூசணத்தைத் தடுக்கும் பொருள்கள் இயற்கையிலேயே உள்ளன. மூன்று நான்கு ஆண்டில் வெட்டும் இளஞ்சவுக்கில் வைரம் இல்லை, பெரும்பகுதி வெள்ளைக்கட்டையே. ஆகவே அது எளிதில் மக்குகிறது. ஆனால் இதிலேயே ஒரு நன்மையும் உண்டு. வைரத்தில் மருந்து இறங்காது. வெள்ளைக்கட்டையில் நன்றாக இறங்கும்.

உப்புநீரில் ஊறவைத்தால் போதாதா?

உப்பளங்களில் உப்பேறிய பலகைகள் எளிதில் மக்காமல் இருப்பதை இப்பகுதியினர் அறிவர். செறிந்த உப்பில் பூசணம் வளர முடியாது என்பது உண்மையே. ஆனால் கொல்லையில் ஊன்றும் கம்புக்கு இது உதவாது. சமையல் உப்பு மரத்தோடு பிணைவதில்லை. ஒரு மழைக்காலத்திலேயே கரைந்து மண்ணுக்குப் போய்விடும். காற்றின் ஈரத்தை இழுக்கும். ஆணியையும் கம்பியையும் துருப்பிடிக்க வைக்கும். கழிமுக நீரில் ஊன்றும் கால்களுக்கோ உப்பு பாதுகாப்பே அல்ல. மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு வாழ்வதே உப்புநீரில்தான்.

வழக்கில் உள்ள முறைகள்

அடிப்பகுதியைத் தீயில் கருக்கி ஊன்றுவது பழைய வழக்கம். கரி மக்காது, ஆனால் கருகிய மேற்புறத்தில் வெடிப்பு விழுந்து, அதன் வழியே பூசணம் உள்ளே நுழைகிறது. பச்சைக் கம்புக்குத் தார் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, மக்குவது விரைவாகும். தார் பூசுவதானால் நன்றாகக் காய்ந்த கம்புக்கே பூச வேண்டும். பழைய என்ஜின் எண்ணெய் மேற்பரப்பிலேயே நின்றுவிடும், மண்ணையும் கெடுக்கும். குளத்து நீரில் ஊறப்போட்டால் மரத்திலுள்ள மாவுச்சத்தும் சர்க்கரையும் கரைவதால் உளுக்கும் வண்டு குறையும். மண்ணில் ஊன்றிய பின் மக்குவதை அது தடுக்காது.

கூரைக்கு அடியில் வரும் மரத்திற்கு

கைமரம், சட்டம், கதவு நிலை போன்ற மழை படாத மரங்களுக்கு வெண்காரமும் போரிக் அமிலமும் போதும். 100 லிட்டர் வெந்நீரில் வெண்காரம் 3 கிலோ, போரிக் அமிலம் 2 கிலோ கரைக்கவும். பட்டை உரித்த பச்சை மரத்தை இதில் நன்றாக நனையும்படி முக்கி எடுத்து, அடுக்கி, பாலிதீன் தாளால் இரண்டு முதல் நான்கு வாரம் மூடி வைக்கவும். ஈரத்தின் வழியே மருந்து தானாகவே உள்ளே பரவும். பிறகு நிழலில் உலர்த்திப் பயன்படுத்தலாம். இது பூசணத்தையும் உளுக்கும் வண்டையும் தடுக்கும். ஆனால் மழையில் கரைந்துவிடுவதால் மண்ணில் ஊன்றும் கம்புக்கு ஏற்றதல்ல.

மண்ணில் ஊன்றும் கம்புக்கு

மழையில் கரையாமல் மரத்தோடு பிணையும் மருந்து இதற்குத் தேவை. மயில்துத்தம் பூசணத்தைக் கொல்லும். சோடியம் டைக்ரோமேட் அதை மரத்தோடு பிணைக்கும். போரிக் அமிலம் துணை நிற்கும். 100 லிட்டர் கரைசலுக்கு வேண்டிய அளவு:

மயில்துத்தம் – 2 கிலோ 100 கிராம்
சோடியம் டைக்ரோமேட் – 2 கிலோ 850 கிராம்
போரிக் அமிலம் – 1 கிலோ 50 கிராம்

பிளாஸ்டிக் பீப்பாயிலேயே கரைக்க வேண்டும். இரும்புப் பாத்திரத்தை மயில்துத்தம் அரித்துவிடும். கம்பை வெட்டிய அன்றே பட்டையை உரித்து, தூர்ப்பக்கம் கரைசலில் இருக்கும்படி பீப்பாயில் நிறுத்தவும். காற்றோட்டமான நிழலில் வைத்தால் கம்பிலுள்ள நீர் மேற்பரப்பின் வழியே ஆவியாகும். அந்த இடத்தை நிரப்பக் கரைசல் மேலேறும். கரைசல் குறையக் குறைய ஊற்றி வரவும். ஒரு வாரம் கழித்துக் கம்பைத் தலைகீழாகத் திருப்பி மற்றொரு வாரம் நிறுத்தவும். ஒரு கம்பைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் மருந்து எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்பது நிறத்தில் தெரியும். பிறகு மூன்று நான்கு வாரம் மழை படாமல் அடுக்கி வைத்தால்தான் மருந்து மரத்தில் பிணையும். காய்ந்த கம்பில் இம்முறை பலிக்காது. அறுப்பது, துளையிடுவது போன்ற வேலைகளை மருந்து ஏற்றும் முன்பே முடித்துவிட வேண்டும். மருந்தேறிய மரத்தில் நாகம் பூசிய ஆணிகளையே அடிக்கவும்.

தவறாமல் கவனிக்க வேண்டியவை

சோடியம் டைக்ரோமேட் கடும் நஞ்சு, புற்றுநோய் உண்டாக்கவல்லது. ரப்பர் கையுறை, முகமூடி, கண்ணாடி இல்லாமல் இதைத் தொடக் கூடாது. பிள்ளைகளும் கால்நடைகளும் அண்டாத இடத்தில் வேலை செய்யவும். உப்புச் சுவைக்காகக் கன்றுகள் மரத்தை நக்கும். ஆகவே கொட்டில், தீவனத் தொட்டி ஆகியவற்றுக்கு இக்கம்பு ஆகாது. துண்டுகளை அடுப்பெரிக்கக் கூடாது. புகையும் சாம்பலும் நஞ்சு.

மீந்த கரைசலை அடுத்த தொகுதிக் கம்புகளுக்குப் பயன்படுத்த வேண்டுமே தவிர, கீழே ஊற்றக் கூடாது. நம் கரையோர மணலில் ஊற்றியது விரைவில் கிணற்று நீரை எட்டும். அருகிலுள்ள கழுவெளி 2021-ல் பறவைகள் சரணாலயமாகவும், 2024-ல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. அங்குள்ள மீனுக்கும் இறாலுக்கும் செம்புச்சத்து சிறிதளவே போதும், கேடு விளைய. தனித்தனியே ஒவ்வொருவரும் செய்வதைவிட, நாலைந்து விவசாயிகள் சேர்ந்து, விவரம் அறிந்த ஒருவர் மேற்பார்வையில் ஒரே இடத்தில் செய்வது பாதுகாப்பானது.

இந்தப் பொறுப்பை ஏற்க இயலாதவர்களுக்கு மருந்தில்லாத வழியும் உண்டு. தரைக்கு மேல் ஒரு முழம் நிற்கும்படி கருங்கல் அல்லது கான்கிரீட் குத்துக்காலை ஊன்றி, சவுக்குக் கம்பை மண்ணில் படாமல் அதோடு சேர்த்துக் கட்டவும். முதலில் செலவு கூடுதலானாலும் குத்துக்கால் நீண்ட காலம் நிற்கும்.

புயலில் விழுந்த மரத்தில் நீலக்கறை

2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பரில் ஃபெஞ்சல் எனப் புயல்கள் இக்கரையைத் தாக்கியுள்ளன. விழுந்த மா, இலவு போன்ற வெளிர்நிற மரங்களைக் கிடந்தபடியே விட்டால் சில நாட்களிலேயே நீலக்கறை படியும். இதுவும் பூசணமே. மரத்திலுள்ள சர்க்கரையைத் தின்னுமே ஒழிய, வலுவை அதிகம் குறைக்காது. ஆனால் வியாபாரி விலையைக் குறைப்பார். உடனே அறுத்து, பலகைகளுக்கு இடையே குச்சி வைத்துக் காற்றோட்டமாக அடுக்க வேண்டும். அறுக்க ஆள் கிடைக்காவிட்டால் அடிமரத்தை நீரில் முழுக்க மூழ்கவைத்துக் காக்கலாம்.

கைவிட வேண்டிய மருந்துகள்

கறையைத் தடுக்க முன்பு பயன்பட்ட பென்டாகுளோரோபீனால் இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. 2015-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் நச்சுப் பட்டியலிலும் சேர்ந்தது. செம்பு, குரோமியம், ஆர்சனிக் சேர்ந்த மருந்தை 1933-ல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கியவர் நம் நாட்டு அறிஞர் சோண்டி காமேசம். உலகெங்கும் கோடிக்கணக்கான மரக்கம்பங்களை அது காத்தது. எனினும் ஆர்சனிக்கின் நச்சுத்தன்மையால், அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டு முடிவோடு வீட்டுப் பயன்பாட்டுக்கான மரங்களில் அது கைவிடப்பட்டது. ஆர்சனிக் சேர்ந்த எந்த மருந்தையும் விவசாயிகள் தாமே கையாளக் கூடாது.

மழை படாத மரத்திற்கு வெண்காரம், மண்ணில் ஊன்றும் கம்புக்கு மயில்துத்தக் கலவை அல்லது கல் குத்துக்கால் என்று நினைவில் வைத்தால் போதும். அடுத்த முறை சவுக்கு வெட்டும்போது பீப்பாயையும் மருந்தையும் முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ளவும். கம்பு பச்சையாக உள்ள அன்றைய நாளை விட்டால் மருந்து ஏறாது.