கரு கலைந்த பிறகும் எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனை

ஓசூர் சிப்காட், சூளகிரி, கெலமங்கலம், பர்கூர் என்று தொழிற்சாலைகள் நிறைந்த இந்தப் பகுதியில் கரு கலைந்த ஒரு பெண்ணைப் பற்றி விசாரித்தால், "கிளீன் பண்ணியாச்சு" என்பார்கள். மூன்றாம் நாளே கம்பெனி பஸ் ஏறிவிட்டாள் என்பதையும் பெருமையாகச் சேர்த்துக்கொள்வார்கள். வெளியே எடுத்தது என்ன, அதைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டே ஆக வேண்டும். கலைந்தவற்றுள் சில, முத்துப்பிள்ளை கர்ப்பமாக இருக்கும். அதில் சிகிச்சையின் பாதி, கிளீன் பண்ணிய பிறகுதான் தொடங்குகிறது.

கரு உருவான ஐந்தாறு நாளில் அதன் வெளிச்சுற்றில் ட்ரோபோபிளாஸ்ட் என்ற செல்கள் அமைகின்றன. உள்ளே இருக்கும் செல்களிலிருந்து குழந்தை வளர்கிறது. இந்த வெளிச்செல்கள் நஞ்சுக்கொடியாகின்றன. வீட்டில் சிறுநீரை விட்டுப் பார்க்கும் கிட்டில் இரண்டு கோடு விழுவது இவை சுரக்கும் ஹெச்சிஜி ஹார்மோனால்தான். கர்ப்பப்பைச் சுவருக்குள் ஊடுருவி, தாயின் ரத்தக் குழாய்களை அகலப்படுத்திக் குழந்தைக்கு ரத்தம் வரச் செய்பவையும் இவையே. ஊடுருவல் போதாமல் போவது, ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் ஏறிச் சிறுநீரில் புரதம் போகும் நிலைக்கு ஒரு முக்கியக் காரணம். பழைய சிசேரியன் தழும்பில் அளவு மீறி ஊடுருவினால், பிரசவத்தில் நஞ்சு பிரியாமல் ரத்தம் கொட்டும்.

முத்துப்பிள்ளையில் கோளாறு கருத்தரிக்கும் கணத்திலேயே நேர்கிறது. தாயின் மரபணு இல்லாத வெற்று முட்டைக்குள் விந்தணு நுழைந்து தன்னையே இரட்டித்துக்கொள்ளும். அல்லது ஒரே முட்டைக்குள் இரண்டு விந்தணுக்கள் புகுந்துவிடும். முதல் வகையான முழு முத்துப்பிள்ளையில் குழந்தையே உருவாகாது. நஞ்சுத் திசு மட்டும் நீர் கோத்துத் திராட்சைக் குலைபோலப் பெருகும். அந்தப் பெண் சாப்பிட்ட எதுவும், தூக்கிய எந்தச் சுமையும், நின்று பார்த்த எந்த நைட் ஷிப்டும் இதற்குக் காரணம் அல்ல. மாமியார் வீட்டில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் மாதத்துக்குள் ரத்தக்கசிவு, அடக்க முடியாத வாந்தி, மாதத்துக்கு மீறிப் பெருத்த வயிறு, ஐந்து மாதத்துக்கு முன்பே ஏறும் ரத்த அழுத்தம் ஆகியவை இதன் அடையாளங்கள். இப்போது பெரும்பாலும் இந்த அறிகுறிகள் வருமுன்னே ஸ்கேனில் தெரிந்துவிடுகிறது. ஸ்கேன் எடுக்காமலே மெடிக்கல் ஷாப்பில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. லீவு கேட்கப் பயம், ஹாஸ்டல் வார்டனுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம், பேச்சு புரியாத ஊர். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பெண்ணுக்கு இந்த மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன. அந்த மாத்திரையை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்பது சட்டப்படி தவறு. முத்துப்பிள்ளையை மாத்திரையால் வெளியேற்றுவதும் சரியான முறை அல்ல. உறிஞ்சும் கருவியால், ரத்தம் ஏற்றும் வசதியுள்ள மருத்துவமனையில்தான் எடுக்க வேண்டும்.

எடுத்த திசு பேத்தாலஜி சோதனைக்குப் போக வேண்டும். பிறகு ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை பீட்டா ஹெச்சிஜி ரத்தப் பரிசோதனை. அளவு இயல்புக்கு வந்த பிறகும் மருத்துவர் சொல்லும் மாதங்கள் வரை தொடர வேண்டும். முழு முத்துப்பிள்ளை வந்தவர்களில் 15 முதல் 20 சதவீதம் பேருக்கு, எடுத்த பிறகும் அந்தச் செல்கள் மீண்டும் வளர்கின்றன. அந்த வளர்ச்சி முதலில் ஹெச்சிஜி அளவில்தான் தெரியும். உடம்பில் தெரிய நாளாகும். இந்த மாதங்களில் மறுபடி கருத்தரித்தால் ஹார்மோன் எதனால் ஏறுகிறது என்று பிரித்தறிய முடியாது. அதனால் கருத்தடை அவசியம்.

நம் பகுதியின் தனிச் சிக்கல், கர்நாடக எல்லை. ஸ்கேன் ஆனேக்கல்லில், கிளீன் பண்ணியது ஓசூரில், அடுத்த ரத்தப் பரிசோதனை தாய்வீட்டுப் பக்கம் தர்மபுரியில் என்று சீட்டுகள் சிதறிவிடுகின்றன. முடிந்தவரை ஒரே லேபில் பாருங்கள்; தேதியும் அளவும் ஒரு நோட்டில் இருக்கட்டும். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதி.

பிரசவமோ கருச்சிதைவோ ஆகி, வாரக்கணக்கில் ரத்தக்கசிவு நிற்காவிட்டாலும் பீட்டா ஹெச்சிஜி பரிசோதனை தேவை. இதே செல்களிலிருந்து வரும் கோரியோகார்சினோமா என்ற புற்றுநோய், சுகப்பிரசவத்துக்குப் பிறகும் அரிதாக வரும், நுரையீரலுக்குப் பரவும். இருமலில் ரத்தம் என்றால் நமக்கு முதலில் டிபிதான் நினைவுக்கு வரும். பிள்ளை பெறும் வயதுப் பெண் என்றால் பீட்டா ஹெச்சிஜியும் பார்க்கச் சொல்லுங்கள்.

புற்றுநோய் என்றதும் மனம் உடைய வேண்டாம். மருந்தாலேயே குணமாகும் என்று முதன்முதலில் நிரூபிக்கப்பட்ட கட்டிப் புற்றுநோய் இதுதான். 1956இல் அமெரிக்காவில் மின் சியூ லீ, ராய் ஹெர்ட்ஸ் இருவரும் மெத்தோட்ரெக்சேட் மருந்தால் இதைக் குணப்படுத்தத் தொடங்கினார்கள். அந்த வகை மருந்துகளை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். இன்று அபாயம் குறைந்த பிரிவில் ஏறக்குறைய எல்லோரும் குணமடைகிறார்கள், பெரும்பாலும் கர்ப்பப்பையை எடுக்காமலே. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஓசூர் சாலையிலேயே உள்ள பெங்களூரு கித்வாய் புற்றுநோய் நிலையம், அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சி.எம்.சி. எல்லாம் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

அடுத்தது லீவும் சம்பளமும். 1961ஆம் ஆண்டு மகப்பேறு பயன் சட்டம் தந்த உரிமை, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் தொடர்கிறது: கருச்சிதைவுக்கு 6 வாரச் சம்பளத்துடன் விடுப்பு, அதனால் நோய் வந்தால் மேலும் ஒரு மாதம். "குழந்தையே இல்லையே, இதுக்கு எப்படி மெட்டர்னிட்டி லீவு?" என்று எச்.ஆர். கேட்கக்கூடும். 26 வாரத்துக்குள் கர்ப்பப்பையில் இருந்தது வெளியேறினால் அது கருச்சிதைவு என்பதே சட்டத்தின் விளக்கம். உள்ளே குழந்தை உருவாகியிருக்க வேண்டும் என்று அதில் இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் நோயின் பெயரும் தேதியும் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை என்றால் இந்தப் பணத்தை இஎஸ்ஐ தரும். ஓசூரிலேயே இஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது. காண்டிராக்டர் மாறினாலும் உங்கள் இஎஸ்ஐ எண் மாறாது. சம்பளத்தில் பிடித்த பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்று உமங் செயலியில் இன்றே பாருங்கள். புற்றுநோய் உறுதியானால், 2 ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்து போதிய நாள் சந்தா கட்டியவர்களுக்கு, சம்பளத்தில் 80 சதவீதம் 2 ஆண்டு வரை கிடைக்க வழி உண்டு. இஎஸ்ஐ இல்லாத ஏழைக் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. விடுப்பில் இருப்பவரை வேலையை விட்டு நீக்கினால் தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம்; இலவச சட்ட உதவிக்கு 15100. மருத்துவ ஆலோசனைக்கு 104, ரத்தம் கொட்டினால் காத்திருக்காமல் 108.

இன்னும் இரண்டு. பதின்வயதிலும் நாற்பதுக்கு மேலும் முத்துப்பிள்ளை வரும் வாய்ப்பு கூடுதல். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைக்கிராமங்களில் சிறுமிகளுக்குத் தாலி கட்டுவதைக் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்ல இதுவும் ஒரு காரணம். ஒரே பெண்ணுக்குத் திரும்பத் திரும்ப முத்துப்பிள்ளை வந்தால் என்எல்ஆர்பி7 என்ற மரபணுக் கோளாறு இருக்கலாம். மாமன் மகள், அக்காள் மகள் என்று உறவுக்குள்ளேயே மணம் முடிக்கும் குடும்பங்களில் இது வெளிப்பட வாய்ப்பு அதிகம். அவர்கள் மரபணு ஆலோசனை பெறுவது நல்லது.

மற்றவர்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் இது மறுபடி வருகிறது. அடுத்த முறை நாள் தள்ளியதும் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் ஸ்கேன் எடுத்து, பழைய நோட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். பிரசவமான ஆறாவது வாரத்தில் ஒரு பீட்டா ஹெச்சிஜி தேவையா என்றும் அவரிடமே கேளுங்கள்.