பெரிய வண்டியைக் கீறலின்றிக் கழுவும் முறை

திரைப்படப் படப்பிடிப்புத் தளங்களில் ‘கேரவன்’ என்ற பெயரால் நாம் கேள்வியுற்ற வீட்டு வண்டி, இப்பொழுது சுற்றுலாப் பயணிகளையும் வந்தடைந்திருக்கிறது. கேரள அரசு 2021ஆம் ஆண்டில் அவ்வகைச் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. இத்தகைய வண்டியையோ, குடும்பம் முழுவதும் ஏறிச் செல்லும் பெரிய வேனையோ வைத்திருப்போர், அதை வீட்டு வாசலிலேயே கழுவ நேரும்பொழுது கவனிக்க வேண்டியவற்றை இங்குக் காண்போம்.

புதிய வண்டியின் மேற்பூச்சு ஓராண்டுக்குள் ஒளி மங்கிப் போவதற்கு வெயிலும் மழையுமே காரணம் என்று பலர் எண்ணுகின்றனர். அவற்றுக்கும் பங்கு உண்டு. எனினும் வெயிலில் நிறுத்திப் பார்த்தால் சிலந்தி வலை போல் தோன்றும் நுண்ணிய கீறல்கள் பெரும்பாலும் துடைக்கும் துணியால் விளைபவையே. தில்லியிலும் இராஜஸ்தானத்திலும் கோடைக் காற்று வாரி இறைக்கும் புழுதியில் படிக மணலின் துகள்கள் கலந்துள்ளன. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவையில் அம்மணலின் எண் 7. சன்னற்கண்ணாடியைக்கூட அது கீறவல்லது. வண்டியின் வண்ணத்துக்கு மேலுள்ள தெளிந்த பூச்சோ தலைமயிரின் பருமனுக்கும் குறைந்தது. புழுதி படிந்த பரப்பை உலர்ந்த துணியால் துடைப்பது, உப்புத்தாளால் தேய்ப்பதற்கு ஒப்பாகும். மெருகு போட்டுக் கீறலை மறைக்கலாம் எனின், ஒவ்வொரு மெருகும் அப்பூச்சைச் சிறிது தேய்த்தே மறைக்கிறது. பூச்சு தீர்ந்த பின் புதிதாக வண்ணம் அடிப்பதன்றி வேறு வழியில்லை. பெரிய வண்டிக்கு அது பெருஞ்செலவு.

தமிழில் கழுவுதல் வேறு, துடைத்தல் வேறு. கழுவிய பின்னரே துடைத்தல் வேண்டும் என்னும் இந்த வரிசையை மாற்றாதிருப்பதிலேயே முறையின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. காலையில் வண்டி துடைக்க வரும் தொழிலாளியைக் குறை கூறிப் பயனில்லை. பல வண்டிகளுக்குச் சேர்த்து ஒரு வாளி நீரே அவருக்குக் கிடைக்கிறது. அவருக்கு நீரும் நல்ல துணியும் கொடுக்க இயலாத நாளில், துடைக்காமல் விடுமாறு சொல்வதே வண்டிக்கு நன்மை.

இனி, செய்முறையைக் காண்போம். வெயில் ஏறுமுன், நிழலில், உடல் குளிர்ந்திருக்கும் வேளையில் வண்டியைக் கழுவத் தொடங்க வேண்டும். சூடான தகட்டில் சோப்பு நீர் காய்ந்து கறையாகிவிடும். சன்னல்களையும் கூரையிலுள்ள காற்றுத் துளைகளையும் முதலில் மூடுக. பிறகு பூவாளியாலோ செடிகளுக்கு மருந்து தெளிக்கும் கைத்தெளிப்பானாலோ நீர் தெளித்து, புழுதி தானே ஊறி இறங்கும்படி விடுக. தெளிப்பான் மருந்துக்குப் பயன்படாத புதியதாக இருத்தல் நலம். பறவை எச்சமும் மரப்பிசினும் படிந்த இடங்களில் ஈரத்துணியைச் சில நிமிடங்கள் போர்த்தி வைத்தால் அவை இளகிவிடும், நகத்தால் சுரண்டலாகாது.

அடுத்து, இரண்டு வாளிகள் வேண்டும். ஒன்றில் வண்டிக்கென விற்கும் சோப்புக் கரைசல். மற்றதில் வெறும் நீர். பாத்திரம் துலக்கும் சோப்பும் சலவைச் சோடாவும் மேலுள்ள மெழுகைக் கரைத்துவிடுமாதலால் அவை ஆகா. மென்மையான நுண்ணிழைத் துணியைச் சோப்பில் தோய்த்துச் சிறு பகுதியைத் தேய்த்தபின், வெறும் நீரில் அலசிய பிறகே மீண்டும் சோப்பில் தோய்க்க வேண்டும். அரிசியை அரித்துக் கல் நீக்கிய நம் இல்லத்தரசிகள் அறிவார்கள், கல் பாத்திரத்தின் அடியில் தங்கும் என்பதை. வாளியிலும் மணல் அவ்வாறே அடியில் தங்கும். ஆகவே துணியை அடிவரை அமிழ்த்தாதீர்கள். வட்டமாகத் தேய்க்காமல் நேர்க்கோட்டில் மெல்ல இழுங்கள். தரையில் விழுந்த துணியை நன்கு அலசாமல் மீண்டும் தொடாதீர்கள்.

சிறு காருக்கும் பெரிய வண்டிக்கும் வேறுபாடு உயரத்திலும் பரப்பிலும் உள்ளது. கூரையிலிருந்து தொடங்கிக் கீழே வர வேண்டும்; இல்லையேல் கூரை அழுக்கு கழுவிய பக்கங்களில் கருங்கோடுகளாக வழியும். கூரையின்மேல் ஏறி நிற்பதைவிட, உறுதியான ஏணியில் நின்று நீண்ட காம்புள்ள மென்தூரிகையால் தேய்ப்பதே பாதுகாப்பு. ஏணியின் முனைகளில் துணி சுற்றுக. பக்கத்தை மூன்று நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒன்றை முற்றும் அலசிய பின்னரே அடுத்ததற்குச் செல்க. சக்கரங்களுக்கும் அடிப்பக்கத்துக்கும் தனித் துணி வேண்டும். வீட்டு வண்டிகள் சிலவற்றின் சன்னல்கள் அக்ரிலிக்கால் ஆனவை. கண்ணாடியினும் எளிதில் கீறுபடும். சாராயம் கலந்த கண்ணாடித் துலக்கி அவற்றில் வெடிப்புகளை உண்டாக்கக்கூடும். அழுத்த நீர்க்குழாயைக் கதவு விளிம்புகளிலும் காற்றுத் துளைகளிலும் நேரே பாய்ச்சுதல் கூடாது. உள்ளே நீர் புகும்.

முடிவில், நீரைப் பற்றி ஒரு வார்த்தை. பெங்களூரில் 2024 மார்ச் மாதத்தில் குடிநீரால் வண்டி கழுவுவது தடுக்கப்பட்டு, மீறுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அவ்வாண்டு மே மாத இறுதியில் தில்லியிலும் குழாய் நீரைப் பாய்ச்சி வண்டி கழுவுவோருக்கு 2,000 ரூபாய் அபராதம் அறிவிக்கப்பட்டது. நிமிடத்துக்கு 10 லிட்டர் விடும் குழாய் அரை மணியில் 300 லிட்டரைச் செலவழிக்கும். 15 லிட்டர் வாளி ஏழெட்டாயின் அதில் பாதி கூட ஆகாது. சேமித்த மழைநீர் இதற்கு மிக ஏற்றது. ஆழ்குழாய்க் கிணற்றின் கடினநீர் உலர்ந்தால் சுண்ணாம்பும் மக்னீசியமும் கலந்த உப்புகள் வெண்புள்ளிகளாக நிற்கும். மழைநீரில் அக்குறை இராது. எந்நீராயினும், அலசியவுடன் வேறொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுத்துவிடுக.

நீரின் அளவு குறைந்தாலும் கேடில்லை. புழுதி நீங்குமுன் துணி படாதிருக்குமாயின், வண்டியின் பொலிவு நெடுங்காலம் நிலைக்கும்.