கிளிமாஞ்சாரோவும் வழிகாட்டியின் சொல்லும்

ஆபிரிக்கக் கண்டத்தின் மிக உயர்ந்த மலை கிளிமாஞ்சாரோ. தன்சானியா நாட்டிலே, சமவெளியினின்றும் தனித்தெழுந்து நிற்கும் இவ்வெரிமலையின் உயரம் 5,895 மீற்றர். ஷிரா, மாவென்சி, கிபோ என்னும் மூன்று கூம்புகளாலானது அது. முன்னைய இரண்டும் அவிந்தொழிந்தன. கிபோ உறங்குகின்றது என்பதே அறிஞர் துணிபு.

1889ஆம் ஆண்டில் ஜேர்மனியரான ஹன்ஸ் மேயரும் ஒஸ்திரியரான லுட்விக் பூர்ட்ஷெல்லரும் முதன்முதல் உச்சியை அடைந்தனர். இவ்விருவர் பெயரையும் நாம் நூல்களிற் காண்கின்றோம். அவர்தம் சுமை சுமந்த ஆபிரிக்கரின் பெயர்களையோ தேடியும் அரிதாகவே காண்கின்றோம்.

இன்று உரிமம் பெற்ற வழிகாட்டியின்றி அம்மலையில் ஏற அனுமதியில்லை. ஏறுவோர் செவியில் அவர் ஓயாது ஓதும் மந்திரம் "போலே போலே" என்பது. சுவாகிலி மொழியிலே "மெல்ல மெல்ல" என்று பொருள். சோம்பலுக்கு இடங்கொடுக்கும் சொல்லென நாம் எண்ணிவிடலாகாது. உச்சியிலே காற்றழுத்தம் கடல்மட்டத்திலுள்ளதில் ஏறக்குறையப் பாதியே. மூச்சொன்றிற் கிடைக்கும் பிராணவாயுவும் அவ்வளவே. விரைந்து ஏறுவோர்க்குத் தலையிடியும் குமட்டலும் தோன்றும். பொருட்படுத்தாது மேலேறின், மூளை வீங்கியோ நுரையீரலில் நீர் கோத்தோ உயிருக்கே இறுதி நேரலாம். தலையாய சிகிச்சை, தாமதியாது கீழிறங்குதலே.

மரங்கு வழியிற் செல்வோர், ஏறத்தாழ 4,700 மீற்றர் உயரத்திலுள்ள கிபோ குடிலினின்றும் நள்ளிரவையொட்டிப் புறப்படுவர். எரிமலைச் சரளையிலே இரண்டடி ஏறின் ஓரடி சறுக்கும். எவரேனும் தள்ளாடினால், நாக்குழறினால், வழிகாட்டி "திரும்புக" என்பார். உச்சி அண்மித்த வேளையில் அச்சொல்லை ஏற்றல் எளிதோ? பெரும் பொருள் செலவிட்டு வந்தவர் வாதாடுதலும் உண்டு. வழிகாட்டியோ, துணைவழிகாட்டி ஒருவரின் கைத்தாங்கலில் அவரைக் கீழே அனுப்பிவிட்டு, எஞ்சியோருடன் மெல்ல மெல்ல மேலேறுவார்.