உட்கார முடியாத வலியும் நுண்துளை அறுவை சிகிச்சையும்

வங்கிக் கிளையில் எண் அழைக்கப்படும்வரை காத்திருக்கும் வேளையில், இருக்கை காலியாக இருந்தும் அமராமல் நிற்கும் ஒருவரைச் சிலர் கண்டிருக்கலாம். அவசரக்காரர் போலும் என்று எண்ணிவிடுகிறோம். அமர்ந்தால் வலிக்கிறது, எங்கே வலிக்கிறது என்று சொல்லக் கூசுகிறது என்பதும் காரணமாக இருக்கக்கூடும். பெங்களூரில் அல்சூரை அடுத்த மர்பி டவுனில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. ஆட்டோ ஓட்டுவோர், தையல் இயந்திரத்தின் முன் அமர்வோர், இந்திராநகர் அலுவலகங்களில் நாளெல்லாம் கணினியைப் பார்ப்போர் போன்றவர்களுக்கு இவ்வலி வந்தால் வருமானமே ஆட்டம் காணும்.

முதுகெலும்பின் அடிப்பகுதியிலிருந்து இருபுறமும் புடெண்டல் என்னும் நரம்பு புறப்படுகிறது. பிறப்புறுப்பு, மலவாய், அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பகுதி ஆகியவற்றின் உணர்ச்சியைத் தாங்கிச் செல்வது இதுவே. வழியில் இது இரண்டு கெட்டியான நார்ப்பட்டைகளுக்கு நடுவே நுழைந்து, அயர்லாந்து உடற்கூற்றியலாளர் பெஞ்சமின் அல்காக்கின் பெயர் பெற்ற ஒரு குறுகிய பாதை வழியாகச் செல்கிறது. அந்த இடுக்குகளில் நரம்பு நசுங்கினால் எரிச்சலும், மின்சாரம் பாய்ந்தாற்போன்ற குத்தலும், உள்ளே ஏதோ அடைத்திருப்பது போன்ற உணர்வும் தோன்றும். கடினமான பிரசவம், நீண்டகால மலச்சிக்கல், சைக்கிள் இருக்கையின் தொடர் அழுத்தம், முந்தைய அறுவை சிகிச்சையின் தழும்பு ஆகியன காரணங்களாகலாம்.

இதனை உறுதிசெய்யத் தனியான ஸ்கேன் எதுவும் இல்லை. பிற நோய்களை விலக்கவே ஸ்கேன் உதவுகிறது. எனவே மூலம், சிறுநீர்ப் பாதைத் தொற்று, புராஸ்டேட் அழற்சி, கருப்பைக் கோளாறு என ஒவ்வொன்றாகச் சந்தேகிக்கப்பட்டு, தேவையற்ற மருந்துகளும் சில வேளைகளில் தேவையற்ற அறுவையும் நேர்ந்துவிடுகின்றன. பிரான்சின் நான்ட் நகர மருத்துவர்கள் 2008-இல் எளிய அளவுகோல்களை வெளியிட்டனர். அந்நரம்பு பரவும் இடத்தில் வலி இருக்க வேண்டும். அமர்ந்தால் அது மிக வேண்டும். இரவில் உறக்கத்தைக் கலைக்கக் கூடாது. தொடு உணர்ச்சி குன்றியிருக்கக் கூடாது. நரம்பருகே மரத்துப்போகும் ஊசி போட்டால் வலி தணிய வேண்டும். நடுவில் திறப்புள்ள மேற்கத்தியக் கழிப்பறை இருக்கையில் அமர்ந்தால் வலி குறைவதும் ஒரு துப்பு. ஆகவே மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொல்லும் விவரமே இங்கு முதற் பரிசோதனை. இருக்கைப் பகுதி மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ அது வேறு ஆபத்து. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சிகிச்சை கத்தியில் தொடங்குவதில்லை. நடுப்பகுதி வெட்டப்பட்ட மெத்தை, நரம்பு வலி மாத்திரைகள், இடுப்பு அடித்தளத் தசைகளைத் தளர்த்தும் பயிற்சி ஆகியவை முதலில் வரும். அத்தசைகளை இறுக்கும் பயிற்சிகளைத் தாமாகவே செய்வோருக்கு வலி கூடுவதும் உண்டு. அடுத்து ஊசி. இவற்றால் பலன் நிலைக்காதவர்களுக்கே அறுவை.

இந்தியாவில் லேப்ராஸ்கோப் மூலம் பித்தப்பையை அகற்றும் முறையை 1990-இல் மும்பையில் டாக்டர் தெஹம்டன் உட்வாடியா தொடங்கி வைத்தார். கோவையில் டாக்டர் சி. பழனிவேலு அதனை வளர்த்தெடுத்தார். இடுப்புக் குழியின் ஆழத்திலுள்ள நரம்புகளுக்கு அதே கருவியைக் கொண்டு சென்றவர்களில் ஐரோப்பாவின் மார்க் பொசோவர் முக்கியமானவர். முழு மயக்கத்தில் வயிற்றை வாயுவால் உப்பச் செய்து, தொப்புள் வழியே கேமராவும், சிறு துளைகள் வழியே கருவிகளும் செலுத்தப்படுகின்றன. நரம்பை நசுக்கும் நார்ப்பட்டையை வெட்டி, அதற்கு வழிவிடுவதே வேலை. காயம் சிறியது, பெரும்பாலும் ஓரிரு நாட்களில் வீடு திரும்பலாம்.

ஆனால் துளை சிறிதென்பதால் நரம்பு விரைந்து ஆறிவிடாது. அதற்கு மாதங்கள் பிடிக்கும். தொடக்கத்தில் வலி சற்றுக் கூடுவதும் உண்டு. நான்ட் மருத்துவர்கள் 32 பேரிடம் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், பிட்டம் வழியே திறந்த முறையில் அறுவை செய்துகொண்டோரில் ஓராண்டுக்குப் பின் 71 விழுக்காட்டினர் நலம் கண்டனர். அறுவை செய்யாதோரில் 13 விழுக்காட்டினரே. எஞ்சிய 29 விழுக்காட்டையும் மருத்துவரிடம் கேட்டறிந்த பிறகே ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட வேண்டும். அவர் இத்தகைய அறுவைகள் எத்தனை செய்துள்ளார் என்று கேட்பதும் தவறில்லை.

செலவைப் பொறுத்தவரை, மருத்துவக் காப்பீடு எடுக்கும்போதே இவ்வலி இருப்பின் விண்ணப்பத்தில் குறிப்பிடுதல் அவசியம். மறைத்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 36 மாதங்களே. அறுவைக்கு முன் நோயின் பெயர், இதுவரை பெற்ற சிகிச்சைகள், ஊசியால் கிடைத்த பலன் ஆகியவற்றை மருத்துவரிடம் எழுத்தில் பெற்று, காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதிக்கு அனுப்புக.