ஒரு விளக்கை மினுக்கிப் பார்ப்போம்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் வாக்கு. அடுக்களையில் தாய்மார்கள் அன்றாடம் செய்யும் அச்சோதனையே, நம் மாணவர்கள் பயிலும் நுண்கட்டுப்படுத்திப் பலகைக்கும் முதற்பாடமாகும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2017ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுப் பள்ளிப் பாடத்திட்டத்தில் கணிமைச் சிந்தனை இடம்பெற்றது. அதனைக் கைத்தொழில்போல் கற்க உதவுவது இப்பலகை. நுண்கட்டுப்படுத்தி என்பது ஒரே சில்லுக்குள் அடங்கிய சிறு கணினி. அதனை மாணவரும் எளிதிற் கையாளும் பொருட்டு, 2005ஆம் ஆண்டில் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாசிமோ பான்சியும் அவர்தம் தோழர்களும் உருவாக்கியதே ஆர்டுயினோ பலகை. 'ஊனோ' என்னும் வகை 2010ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஊனோ என்றால் இத்தாலிய மொழியில் 'ஒன்று' என்று பொருள். அதில் 14 இலக்க முனைகள் உள. 13ஆம் முனையோடு இணைந்த சிறு விளக்கொன்று பலகையிலேயே உண்டு. நம் சோதனைக்கு அதுவே போதும்.

நிரலுக்கு இரு பகுதிகள். 'செட்டப்' ஒரே முறை நடைபெறும். 'லூப்' மீண்டும் மீண்டும் நடைபெறும். தோட்டத்து வழக்கிற் கூறின், காலைப் பெரட்டில் வேலை பிரித்துக் கொடுப்பது செட்டப். பின்னர் மரத்துக்கு மரம் அதே வேலையைச் செய்வது லூப். ஆனால் மின்சாரம் நிற்கும்வரை லூப்புக்கு ஓய்வில்லை.

செட்டப்பில், 13ஆம் முனை வெளியீட்டுக்கு உரியது என அறிவிக்க வேண்டும். லூப்பில் நான்கு கட்டளைகள்:

1. விளக்கை ஏற்று.
2. 1000 மில்லி வினாடி காத்திரு.
3. விளக்கை அணை.
4. மீண்டும் 1000 மில்லி வினாடி காத்திரு.

நான்காவதை விட்டுவிட்டால், விளக்கு அணைந்த கணமே மீண்டும் எரியும். நம் கண்ணுக்கு அணையாதது போலவே தோன்றும்.

விளக்கு மினுங்கியதும் மகிழ்ந்து நின்றுவிடலாகாது. புதிய பலகைகள் பெரும்பாலும் இதே நிரலைச் சுமந்தே வருகின்றன. எனவே 1000 என்பதை 200 என மாற்றி மீண்டும் ஏற்ற வேண்டும். மினுக்கம் விரைவுபட்டால்தான் நம் நிரல் உள்ளே சென்றது உறுதி. கம்பிவடம், கணினி, சில்லு யாவும் நலம் என்பதும் அப்போதே தெளிவாகும்.

இப்பாடத்தை நாம் பட்டே அறிந்தோம். பள்ளித் தோட்டத்து மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவிக்காக நம் மாணவர்கள் நீண்டதொரு நிரலை எழுதினர். மூன்று நாள் முயன்றும் அது இயங்கவில்லை. "எனக்கு மூளை இல்லை, ஐயா" என்று ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஒதுங்கிக்கொண்டாள். நாமும் நிரலிலேயே பிழை தேடிக்கொண்டிருந்தோம். நான்காம் நாள் விளக்குச் சோதனையை நடத்தினோம். அதுவும் பலகையில் ஏறவில்லை. வடத்தை மாற்றியதும் ஏறியது. முந்தைய வடம் கைப்பேசிக்கு மின்னேற்ற மட்டுமே உதவுவது. தரவைக் கடத்தும் கம்பிகள் அதனுள் இல்லை. பலகைக்கு மின்சாரம் வந்ததால் நாம் ஏமாந்தோம். அம்மாணவியின் நிரலில் இருந்ததோ ஒரே ஓர் எழுத்துப் பிழை. அன்று மாலையே அதனை அவளே திருத்தினாள்.

பெற்றோர்களே, பிள்ளை தோற்றதாகக் கருதும் இடத்தில் ஒரு வடம் தோற்றிருக்கலாம். கடிந்து கூறுமுன், "சிறியதாக ஒன்றைச் செய்து பார்த்தாயா?" என்று கேளுங்கள். மாணவச் செல்வங்களே, பெரிய வேலையைத் தொடங்குமுன் சிறிய விளக்கொன்றை மினுக்கிப் பாருங்கள். பிழை எங்கே என்று அறிந்தவனுக்கு அச்சமில்லை.