வகுப்பறைக்கு வந்த பூசணிக்காய்

நியூ ஜெர்சியில் ஒரு தொடக்கப்பள்ளி. அக்டோபர் கடைசி வாரம், இரண்டாம் வகுப்பு. அறைக்கு நடுவே தண்ணீர் நிரப்பிய பெரிய பிளாஸ்டிக் தொட்டி. பக்கத்து மேசையில், ஏழெட்டுக் கிலோ இருக்கும், ஆரஞ்சு நிறத்தில் ஒரு பூசணிக்காய். இதைத் தண்ணீரில் போட்டால் மூழ்குமா, மிதக்குமா என்று ஆசிரியை கேட்டார். மூழ்கும் என்பவர்களுக்குப் பலகையின் இடப்பக்கம் ஒரு கோடு, மிதக்கும் என்பவர்களுக்கு வலப்பக்கம் ஒரு கோடு. இடப்பக்கம் 19 கோடுகள் விழுந்தன, வலப்பக்கம் 3. அங்கே படிக்கும் என் தங்கை மகளும் இடப்பக்கம்தான். "நீங்களே தூக்கிப் பாருங்க பெரியம்மா, எவ்ளோ கனம்!" என்றாள்.

உதவிக்கு ஆள் வேண்டும் என்று பெற்றோரிடம் கேட்டிருந்தார்கள். ஊரிலிருந்து போயிருந்த நான், தங்கைக்குப் பதிலாக அன்று வகுப்பில் இருந்தேன். காயைத் தொட்டியில் இறக்கியது நான்தான். ஒரு முங்கு முங்கி மேலே வந்தது. காம்பைப் பக்கவாட்டில் சாய்த்துக்கொண்டு சாவகாசமாக மிதந்தது. ஒரு நொடி யாரும் பேசவில்லை. பிறகு ஒரே கூச்சல். அந்தக் கூச்சலுக்கு நடுவே தங்கை மகள் என் கையைப் பிடித்து இழுத்து, "அப்போ உள்ள காத்து இருக்கா?" என்றாள். அதையே ஆங்கிலத்தில் ஆசிரியையிடமும் கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தார்.

அமெரிக்கத் தொடக்கப்பள்ளிகளில் அக்டோபர் மாதம் என்றால் இலையுதிர் காலமும் ஹாலோவீனும்தான். அக்டோபர் 31 இரவு குழந்தைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போவார்கள். வாசல்களில் பூசணிக்காயைக் குடைந்து, கண்ணும் வாயும் வெட்டி, உள்ளே விளக்கேற்றி வைப்பார்கள். இந்த வழக்கத்தின் வேர் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இருக்கிறது. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாளைக் கெல்ட்டிக் மக்கள் சம்ஹைன் என்று கொண்டாடினார்கள். அயர்லாந்தில் முகம் வெட்டியது டர்னிப் கிழங்கில். மேயோ மாவட்டத்தில் உள்ள அயர்லாந்து தேசிய அருங்காட்சியகக் கிளையில் அப்படி ஒரு டர்னிப் முகத்தின் வார்ப்பு இருக்கிறது. கண்கள் குழிந்து, பல் தெரிய, பார்த்தால் பெரியவர்களுக்கே வயிற்றைக் கலக்கும். 19ஆம் நூற்றாண்டில் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஐரிஷ் மக்களுக்கு அங்கே பூசணி கிடைத்தது. டர்னிப்பைவிடப் பெரியது, உள்ளே பாதி வெற்றிடம், கத்தி சுலபமாக இறங்கும். கிழங்கின் இடத்தைக் காய் பிடித்துக்கொண்டது.

பள்ளிக்கூடம் இதற்குள் வந்ததற்கு ஒரு சமூகக் காரணமும் உண்டு. அந்நாளில் ஹாலோவீன் இரவு என்றாலே விடலைகளின் அட்டகாசம். மின்னசோட்டா மாநிலத்தின் அனோக்கா என்ற ஊரில் மாடுகளை அவிழ்த்துக் கடைவீதியில் விட்டுவிடுவார்களாம். 1920இல் அந்த ஊர்ப் பெரியவர்கள் பள்ளிப் பிள்ளைகளைத் திரட்டி ஊர்வலமும் விருந்தும் நடத்தி அந்த இரவைக் கொண்டாட்டமாக மாற்றினார்கள். இன்றும் அனோக்கா தன்னை உலகின் ஹாலோவீன் தலைநகரம் என்று சொல்லிக்கொள்கிறது.

எல்லாக் குடும்பங்களும் ஹாலோவீன் கொண்டாடுவதில்லை. மத நம்பிக்கையால் விலகி நிற்கும் வீடுகள் பல. அதனால் பேயையும் சூனியக்காரியையும் விட்டுவிட்டு, அறுவடை, இலை, பூசணி என்று மாற்றிக்கொண்ட பள்ளிகள் நிறைய. என்னைக் கேட்டால் இது இழப்பே அல்ல. ஆரஞ்சு காகிதத்தில் முகம் வெட்டி ஒட்டுவதும், அச்சடித்த வௌவால் படத்துக்குக் கறுப்பு வண்ணம் தீட்டுவதும் பொழுது போக உதவும், அவ்வளவுதான். உண்மையான காய் ஒன்று மேசைக்கு வந்துவிட்டால் கணக்கு, தாவரவியல், இயற்பியல் மூன்றும் கூடவே வந்துவிடும்.

இந்தக் காய் அமெரிக்க மண்ணுக்கே உரியது. மெக்சிகோவின் ஓஹாக்கா பகுதியில் ஒரு குகையில் கிடைத்த விதைகளை வைத்து, சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே, மக்காச்சோளத்துக்கும் முன்னால், அங்கே பூசணி பயிராகிவிட்டது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். முகம் வெட்டும் காயின் அறிவியல் பெயர் குக்கர்பிட்டா பெப்போ. நம் சாம்பாருக்குள் வரும் பரங்கிக்காய் இதற்கு நெருங்கிய உறவு. அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் தாண்டி நம்மிடம் வந்ததுதான். பரங்கியர் கொண்டுவந்த காய் என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. இன்னோர் உறவான குக்கர்பிட்டா மாக்சிமாவிலிருந்துதான் ராட்சதக் காய்கள் வருகின்றன. 2023இல் கலிபோர்னியாவின் ஹாஃப் மூன் பே எடைப் போட்டியில் மின்னசோட்டாக்காரர் டிராவிஸ் கீங்கர் கொண்டுவந்த காய் 2,749 பவுண்டு, அதாவது சுமார் 1,247 கிலோ. கனடாவின் வின்ட்சர் ஊரில் இப்படிப்பட்ட காய்களைக் குடைந்து, உள்ளே உட்கார்ந்து துடுப்புப் போட்டு ஏரியில் படகுப் போட்டியே நடத்தியிருக்கிறார்கள். ஆசிரியை அந்தப் படத்தைக் காட்டியபோது, தொட்டியில் தாங்கள் பார்த்தது என்ன என்று பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபட்டது.

காயை வெட்டுவதற்கு முன் ஒரு வேலை. ஆளுக்கொரு நூல்கண்டு. காயைத் தொடாமல், கண்ணால் மட்டும் பார்த்து, அதன் இடுப்பைச் சுற்றிவர எவ்வளவு நூல் வேண்டும் என்று நினைக்கிறார்களோ அவ்வளவு வெட்டிக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொருவராக வந்து சுற்றிப் பார்க்க வேண்டும். ஒருவனுடைய நூல் காயை ஒன்றரைச் சுற்று சுற்றியது. இன்னொருத்தியுடையது பாதியிலேயே நின்றுவிட்டது. நூல்களை நீளம், குறைவு, சரி என்று மூன்று வரிசையாகச் சுவரில் ஒட்டினார்கள். அதுவே ஒரு வரைபடம் ஆகிவிட்டது. இரண்டாம் வகுப்புக்குப் 'பை' தெரியாது, தெரியவும் வேண்டாம். குறுக்களவை வைத்துச் சுற்றளவை ஊகிப்பது எவ்வளவு கடினம் என்பது அவர்கள் விரலுக்குத் தெரிந்துவிட்டது.

காய் இரண்டாகப் பிளந்தது. நடுவே வெற்றிடம், அதைச் சுற்றி ஆரஞ்சு நார், நாரில் தொங்கும் விதைகள். பச்சைப் பூசணிக்கே உரிய அந்த வாசனை அறை முழுக்கப் பரவியது. "காத்து எங்க?" என்று தங்கை மகள் குனிந்து தேடினாள். வெற்றிடம் என்று நாம் சொல்வதுதான் காற்று இருக்கும் இடம் என்று விளங்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

விதை எண்ணுவதுதான் அன்றைய பெரிய கூத்து. ஒரு காயில் சுமார் 500 விதை இருக்கலாம், கூடலாம், குறையலாம். ஒவ்வொன்றாக எண்ணினால் நடுவில் ஒருவன் தும்மினாலே கணக்கு போய்விடும். பத்துப் பத்தாகக் குவித்து, பத்துக் குவியலை ஒரு காகிதத் தட்டில் சேர்த்தால் ஒரு தட்டு 100. ஒன்று, பத்து, நூறு என்னும் இட மதிப்பை இதைவிடத் தெளிவாக எந்தப் பலகையிலும் எழுதிக் காட்ட முடியாது. மார்கரெட் மெக்நமாரா எழுதிய 'பூசணியில் எத்தனை விதை?' என்ற 2007ஆம் ஆண்டுப் படக்கதை இதற்கென்றே எழுதப்பட்டதுபோல் இருக்கும், அமெரிக்க வகுப்பறைகளில் பலரும் அறிந்த நூல். அதில் மூன்று காய்களில் சின்னக் காய்க்குத்தான் விதை அதிகம். எங்கள் வகுப்பிலும் எண்ணுவதற்கு மேசைக்கு ஒரு காய் கொடுத்திருந்தார்கள், பெரிய காயை எடுத்த மேசைக்காரர்கள் தோற்றார்கள். ஏன் என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்கு விடை அக்டோபரில் இல்லை, ஜூலையில் இருக்கிறது. பூசணிக் கொடியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவின் அடியில் கோலிக்குண்டு அளவில் பிஞ்சு முன்கூட்டியே இருக்கும், ஆண் பூ வெறும் தண்டில் நிற்கும். மார்கழியில் வாசல் சாணத்தில் பூசணிப்பூவைச் செருகியவர்களுக்கு அந்த நீளத் தண்டு நினைவிருக்கும். பூ விடியலில் மலர்ந்து நண்பகலுக்குள் வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீ ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவுக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். ஒரு விதை உருவாக ஒரு மகரந்தத் துகள் வேண்டும். 500 விதை என்றால் குறைந்தது 500 துகள் வந்து சேர்ந்திருக்கின்றன என்று பொருள். காயின் பருமனுக்குத் தண்ணீர், உரம், வெயில், ரகம் எல்லாம் காரணம். விதைகளின் எண்ணிக்கையில் அந்தக் காலை நேரத்துத் தேனீக்களின் உழைப்பும் இருக்கிறது. வட அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு பூசணித் தேனீ உண்டு. கூட்டமாக வாழாது, ஒவ்வொரு பெண் தேனீயும் கொடிக்குப் பக்கத்திலேயே மண்ணில் தனி வளை தோண்டும். ஆண் தேனீக்கள் வாடி மூடிக்கொண்ட பூவுக்குள்ளேயே படுத்துத் தூங்கும். பிள்ளைகள் அந்தப் படத்தை விட்டு நகர மறுத்தார்கள்.

வேறு பாடங்களும் உண்டு. எலும்புக்கூட்டு அலங்காரத்தை வைத்து, பெரியவர்களுக்கு 206 எலும்புகள் என்று எண்ணிப் பார்ப்பார்கள். பாலூட்டிகளில் தானாகச் சிறகடித்துப் பறப்பது வௌவால் மட்டுமே என்று படிப்பார்கள். இலைப் பரிசோதனையை மட்டும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இன்னும் பச்சையாக இருக்கும் மேப்பிள் இலையைக் கிழித்துக் கண்ணாடிக் குவளையில் போட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஊற்றிக் கசக்குவார்கள். குவளையை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து, காபி வடிகட்டும் காகிதத்தின் ஒரு துண்டை நுனி மட்டும் நனையும்படி தொங்கவிடுவார்கள். ஆல்கஹாலைக் கையாள்வது ஆசிரியையின் வேலை, பக்கத்தில் தீ இருக்கக் கூடாது. அரைமணி, ஒருமணி நேரத்தில் காகிதத்தில் பச்சைப் பட்டை ஏறும். உற்றுப் பார்த்தால் அதிலிருந்து பிரிந்து ஒரு மஞ்சள் பட்டையும் தெரியும். இலையுதிர் காலத்தில் மஞ்சள் புதிதாக வருவதில்லை. கோடை முழுக்க இலைக்குள்ளேயே இருந்தது, பச்சையம் மறைத்து வைத்திருந்தது. குளிர் வந்து பச்சையம் சிதையும்போது மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு மட்டும் வேறு கதை, அது பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் இலை புதிதாகத் தயாரிக்கும் நிறம். நிறங்களை இப்படிப் பிரிக்கும் முறையை 1900களில் கண்டுபிடித்தவர் மிகயில் ஸ்வெட் என்னும் ரஷ்யத் தாவரவியலாளர். அவர் பெயருக்கு ரஷ்ய மொழியில் 'நிறம்' என்றே பொருள்.

நவம்பர் 1 அன்று பெரும்பாலான வகுப்புகளில் பூசணி குப்பைக்குப் போகிறது. மிகச் சிறந்த பாடம் அன்றுதான் ஆரம்பிக்கிறது என்பதால் எனக்கு இது மனம் பொறுக்காத விஷயம். தங்கை மகளின் ஆசிரியை தூக்கி எறியவில்லை. வெட்டிய துண்டுகளை நான்கு கண்ணாடிப் புட்டிகளில் போட்டார். ஒன்றில் துண்டு மட்டும். ஒன்றில் துண்டோடு ஒரு கைப்பிடித் தோட்டத்து மண். ஒன்றில் வினிகரில் நனைத்த துண்டு. நான்காவது முதல் புட்டியைப் போலவே, ஆனால் குளிர்பெட்டியில். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு விஷயம்தான் மாறுகிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மூடியை இறுக்கி, டேப் ஒட்டி, தேதி எழுதினார். திங்கள்தோறும் பிள்ளைகள் புட்டியைப் பார்த்து வரைய வேண்டும்.

நான் ஊர் திரும்பிய பிறகு தங்கை அந்தப் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தாள். முதல் வாரப் படத்தில் துண்டின் ஓரம் நனைந்து பளபளக்கிறது. இரண்டாம் வாரம் பஞ்சு போல வெள்ளை இழைகள், அவற்றின் நுனியில் குண்டூசித் தலை போலக் கறுப்புப் புள்ளிகள். ரொட்டியில் பூக்கும் ரைசோபஸ் பூஞ்சை அப்படித்தான் இருக்கும். அந்தக் கறுப்புத் தலைக்குள் இருப்பவை அதன் வித்துகள். மூன்றாம் வாரம் நீலப்பச்சைத் திட்டு. அது பெனிசிலியம் இனமாக இருக்கலாம். 1928இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டது அந்த இனத்துப் பூஞ்சை ஒன்றில்தான். பிறகு துண்டு உட்கார்ந்து, அடியில் பழுப்புத் தண்ணீர் தேங்கிவிட்டது. குளிர்பெட்டித் துண்டு அதிகம் மாறாமல் இருந்தது.

இழை இழையாக வளர்வது வாயில்லாத உயிர். நாம் விழுங்கிய பிறகு செரிக்கிறோம். பூஞ்சை உணவின் மேலேயே படர்ந்து, நொதிகளை வெளியே சுரந்து, அங்கேயே செரித்து, பிறகு உறிஞ்சிக்கொள்கிறது. முழுக் காய் குளிர்ந்த உலர்ந்த இடத்தில் இரண்டு மூன்று மாதம் தாங்குவதும், முகம் வெட்டிய காய் ஒரு வாரத்தில் கூழாவதும் இதனால்தான். மெழுகு பூசிய தோல் ஒரு கோட்டைச் சுவர், கத்தி அதில் வாசல் திறந்துவிடுகிறது. தோட்டத்து மண்ணில் இந்தச் சிதைவு உரமாகிறது. குப்பைமேட்டுக்கு அடியில், காற்றில்லாத இடத்தில் சிதைந்தால் மீத்தேன் வாயு எழுகிறது. எஞ்சிய பூசணியைக் குப்பையில் போடாமல் உரக்குழிக்குக் கொடுங்கள் என்று அமெரிக்காவில் வேண்டுகோள் விடுப்பது அதனால்தான். வில் ஹப்பல் எழுதிய 'பம்கின் ஜாக்' என்ற படக்கதையில் தோட்டத்தில் போட்ட காய் அழுகி மண்ணோடு போய், வசந்தத்தில் அதன் விதை முளைவிடுகிறது.

இதற்கு ஹாலோவீன் வேண்டியதில்லை. அடுத்த முறை வீட்டில் பரங்கிக்காய் நறுக்கும்போது, கத்தி வைக்கும் முன் பிள்ளையைக் கூப்பிட்டு உள்ளே எத்தனை விதை இருக்கும் என்று ஊகிக்கச் சொல்லுங்கள், பிறகு பத்துப் பத்தாக எண்ணச் சொல்லுங்கள். ஒரு துண்டைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு இறுக மூடி, தேதி எழுதி, ஜன்னலோரம் வையுங்கள். நம் ஊர் வெயிலுக்கு ஒரு வாரம்கூடக் காத்திருக்க வேண்டியிருக்காது. பூஞ்சையின் வித்துகள் மூச்சில் போனால் சிலருக்கு, முக்கியமாக ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு, ஆகாது. ஆகவே பார்த்து முடித்ததும் மூடியைத் திறக்காமல் புட்டியை அப்படியே அப்புறப்படுத்திவிடுங்கள்.