‘என்.எல்.சி-யில இருந்தவரு’ என்றால் போதுமா? கொட்டகைக்கு ஒயரிங் செய்யும் முன்…

‘‘நெய்வேலிக்குப் பக்கத்தில் 2 ஏக்கர் முந்திரித் தோப்பு இருக்கிறது. கொட்டையாக விற்றால் கட்டுப்படியாகவில்லை. வீட்டை ஒட்டிக் கொட்டகை போட்டு, உடைக்கும் மெஷின், ஓவன் வைத்து நாங்களே பருப்பு எடுக்கலாம் என்றிருக்கிறோம். கரன்ட் வேலைக்கு யாரைக் கூப்பிடுவது?’’

இந்தக் கேள்விக்கு நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களில் தயாராக ஒரு பதில் உண்டு. ‘‘அவரு என்.எல்.சி-யில எலெக்ட்ரீஷியனா இருந்தவரு, அவரையே கூப்பிடுங்க.’’ 1956-ல் நிறுவனம் வந்ததிலிருந்து, மந்தாரக்குப்பம், வடக்குத்து பக்கமெல்லாம் சுரங்கத்திலோ அனல்மின் நிலையத்திலோ மின் வேலை பார்த்தவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களின் கைத்திறனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால், அங்கே அவருக்கு மேலே ஒரு சூப்பர்வைசர் இருந்தார். சோதிக்கக் கருவி இருந்தது. பெர்மிட் வாங்காமல் ஒயரைத் தொட முடியாது. உங்கள் கொட்டகையில் அந்த மூன்றில் எதுவும் கிடையாது. அவரே வந்து செய்தாலும், உரிமம் உள்ள ஒப்பந்ததாரர் மூலம் வரட்டும்.

இது என் ஆசை இல்லை, சட்டம். பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவதைத் தாண்டிய எந்த மின் வேலையையும் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும் என்கின்றன, மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள். தமிழ்நாட்டில் அந்த உரிமத்தை சென்னை, கிண்டியில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம் தருகிறது. மேற்பார்வையாளருக்கு ‘சி’ சான்றிதழ், ஒயர்மேனுக்கு ‘பி’, உதவியாளருக்கு ‘எச்’ என்று தனித்தனியாக உண்டு. ‘‘உரிமத்தைக் காட்டுங்க’’ என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. உரிம எண்ணையும் எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் பார்த்து, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பேப்பர் சரியாக இருந்தும் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. அதுதான் கையெழுத்து வியாபாரம். வேலை செய்பவர் ஒருவர், மின்வாரியத்துக்குக் கொடுக்கும் சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போடுபவர் வேறொருவர். கையெழுத்துப் போட்டவர் உங்கள் வாசற்படியை மிதித்தே இருக்க மாட்டார். எங்கள் பெரியம்மா வீட்டு மாவு மில்லுக்கு அப்படித்தான் நடந்தது. அறிக்கையில் எர்த் ‘சரி’ என்று இருந்தது. பிறகு தோண்டிப் பார்த்தால், காய்ந்த செம்மண்ணில் ஒரு முழக் கம்பி! ஈரக் கையோடு மெஷினைத் தொட்ட பெரியம்மாவைத் தூக்கியடித்தது. பிழைத்துக்கொண்டார், வலது கை விரல் இரண்டு இன்னும் மடங்காது. அதனால், கையெழுத்துப் போடுபவர் நேரில் வந்தால் மட்டுமே வேலையைக் கொடுங்கள்.

வந்தவரிடம் எதைக் கேட்பது? மோட்டார் பாடிக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் இணைப்பு இருக்க வேண்டும். 500 வோல்ட் மெக்கர் வைத்துப் பார்த்தால், ஒயரிங் 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. எர்த் டெஸ்டர் வைத்தும் அளக்கச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் மண் காய்ந்தால் எர்த்தும் பலவீனப்படும். குழியில் தண்ணீர் ஊற்றுவது உங்கள் வேலை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஆர்.சி.டி. ‘‘அதான் எம்.சி.பி. போட்டாச்சே’’ என்பார்கள். எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரைத்தான், ஆளை இல்லை. 16 ஆம்பியர் எம்.சி.பி., அந்த 16-ஐத் தாண்டினால்தான் விழும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. அதில் ஐந்நூறில் ஒரு பங்கு கசிந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும். கொட்டை வேகவைத்த நீராவி, ஈரத்தரை, வெறுங்காலோடு வேலை பார்க்கும் பெண்கள்… முந்திரிக் கொட்டகையில் இது இல்லாமல் மெஷினை ஓட்டவே கூடாது. அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் உடனே மாற்றுங்கள்.

‘‘தனி சர்வீஸ் எதுக்கு, பம்ப்செட்டுலருந்து ஒரு லைன் இழுத்துடலாம்’’ என்று யாராவது சொன்னால், அவரை அப்போதே அனுப்பிவிடுங்கள். இலவச விவசாய மின்சாரத்தில் விற்பனைத் தொழில் நடத்தினால், 2003 மின்சாரச் சட்டம் 126-ம் பிரிவின்படி அந்தத் தொழிலுக்கான கட்டணத்தைப்போல இரண்டு மடங்கு கேட்பார்கள். எப்போதிலிருந்து என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், 12 மாதத்துக்குப் போடுவார்கள். அந்தத் தண்டத்தைக் கட்டப்போவது நீங்கள், லைன் இழுத்தவர் இல்லை. குறுந்தொழிலுக்குத் தனிக் கட்டண விகிதம் இருக்கிறது. ஓவன், மோட்டார் எல்லாவற்றின் கிலோவாட்டையும் கூட்டி எழுதிக்கொண்டுபோய், உங்கள் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் கேளுங்கள்.

பேசிய தொகையில் கொஞ்சத்தைக் கடைசி வரை கையில் வைத்திருங்கள். உங்கள் கண்ணெதிரில் ஆர்.சி.டி-யை விழ வைத்துக் காட்டி, மெக்கர், எர்த் அளவுகளைத் தேதியோடு எழுதிக் கையெழுத்திட்டுத் தந்த பிறகு கொடுக்கலாம். அந்தத் தாள் மின் அட்டையோடு இருக்கட்டும்.